ஊருக்குப் போன சேலை

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்தியாவை யாரும் இந்தியா என்று சொல்வதில்லை. ஊரு என்பார்கள். நமுனுகுல மலைச் சரிவில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கடலையே பார்க்காதவர்களுக்கும் அதுதான் ஊரு. நான் பண்டாரவளையில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். வருகிற வெள்ளைக்காரர்களிடம் நாள் முழுக்க இந்தியா, இந்தியா என்றுதான் பேசுகிறேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருக்கும் அம்மாவிடம் மட்டும் அந்தச் சொல் வாயில் வராது. அதனால்தான் அன்றைக்கும், "அம்மா, ஊருக்குப் போறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

விடுதியில் தங்குகிறவர்கள் எல்லாருமே ஒன்று, இந்தியாவைச் சுற்றிவிட்டு வந்தவர்கள், இல்லாவிட்டால் இனிமேல் போகப்போகிறவர்கள். ஒருத்தி லடாக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதைச் சொல்வாள். இன்னொருவன் மேகாலயாவில் மரத்து வேரிலேயே பாலம் கட்டியிருக்கிறார்கள் என்று படம் காட்டுவான். அந்தமானில் கடலுக்கடியில் மீனோடு மீனாய் நீந்தினேன், ஜெய்சல்மேரில் ஒட்டகத்தில் போய் மணலில் படுத்தேன் என்று ஆளுக்கொரு கதை. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பேன். எரிச்சலாக வரும். எங்கள் பாட்டன் முப்பாட்டன் விட்டு வந்த நாடு, அதை எங்கிருந்தோ வந்தவர்கள் எனக்கே விளக்கிச் சொல்கிறார்களே என்று. கொழும்புத் தோழி ஒருத்தி, உத்தரகாண்டில் மலையேறிவிட்டு ரிஷிகேஷில் கங்கையில் படகு விடலாம், வருகிறாயா என்று கேட்டதும், லீவு கிடைக்குமா என்றுகூட யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"ஊருல என்னாடி செய்யப்போற?"

"மலைக்குப் போறேம்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் பக்கம் மலை என்றால் தேயிலை மலை. மலைக்குப் போவது என்றால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவது.

"நாங்க மலைக்குப் போனா தொரை எங்களுக்குச் சம்பளம் குடுத்தான். நீ காசையும் குடுத்துட்டு மலைக்குப் போறியா? நல்லா இருக்குடி உங்க படிப்பு" என்றாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டுவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அம்மாவின் முகம் மாறியது. "அப்ப அக்காவ பாத்துட்டு வந்துருவ" என்றாள்.

பெரியம்மா அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே அக்கா. இரண்டு பேரும் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியாதான் என்றாகி, அவர்கள் கப்பலேறிப் போனார்கள். அம்மா இங்கே நின்றுவிட்டாள். அங்கே போயும் பெரியம்மாவுக்குக் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம்தான் கிடைத்தது. இப்போது போனில் முகம் பார்த்துப் பேசலாம்தான். ஆனால் பெரியம்மாவுக்குக் காது அடியோடு போய்விட்டது. போனை எப்படிப் பிடித்தாலும் எங்களுக்கு அவர் நெற்றி மட்டும்தான் தெரியும். அம்மா அந்த நெற்றியைப் பார்த்து, "அக்கா, அக்கா" என்று கத்திவிட்டு வைத்துவிடுவாள்.

"பெரியம்மா இருக்கிறது தெக்கு. நான் போறது வடக்கும்மா. ரொம்பத் தூரம்" என்றேன்.

"எம்புட்டு தூரம்? பதுளையிலருந்து கொழும்பு அம்புட்டு இருக்குமா? ஒரே ஊருதானே, ரயிலேறுனா போயிறலாம்."

அப்போதே உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய நாடு அது, இந்த முறை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பும்போது ஒரு வாரம் கையில் இருக்கும், கோயம்புத்தூருக்கு விமானம் ஏறினால் கோத்தகிரி பக்கம்தான் என்று நானே கணக்குப் போட்டு, "சரிம்மா, போயிட்டு வர்றேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் போவதாகத்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பண்டாரவளைக்கு வந்து ஒரு சேலை எடுத்தாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. கடைக்காரர் மடிப்பைப் பிரித்துக் காட்ட வந்தபோது, "பிரிக்காதீங்க, அப்படியே குடுங்க" என்றாள். வெளியே வந்ததும் அதை என் கையில் வைத்தாள்.

"இது கோடி. அக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொறந்த வீட்டுச் சேலை போடணும்ல. அப்பனும் இல்ல, அண்ணனும் இல்ல. பொறந்த வீடுன்னு நான் ஒருத்திதான். நம்ம சேலை இல்லாம அவ போயிறக் கூடாது. ஒன் கையால குடு. குடுத்துட்டு அவ கையப் பிடிச்சுப் பாத்துட்டு வா. போன்ல நெத்திதான் தெரியுது, கை எப்படி இருக்குன்னே தெரியல."

எங்களில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து யாரும் கட்டாத புதுச் சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். ஒருவர் உடம்பில் ஒரு முறை பட்டாலும் அது கோடி இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயதிலிருந்து எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

உத்தரகாண்டில் மலை ஏறும் முன்னால், வேண்டாத சாமான்களை அடிவாரத்து விடுதியில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தொலைந்துவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? முதுகுப் பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். அந்த அக்கறைதான் காரியத்தைக் கெடுத்தது. கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. நமுனுகுலக் குளிரில் பிறந்தவள், எனக்கா குளிரும் என்று மெல்லிய சட்டையோடு வந்திருந்தேன். என்ன திமிர். பல் தந்தியடித்தது. விரல்கள் இருக்கிற உணர்வே போயிற்று. பையைத் துழாவினேன். கையில் சேலை வந்தது. பிரித்து, தலையைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, நெஞ்சோடு இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

கதகதப்பாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை விட்ட பிறகு பனி முகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இனி எத்தனை பிறவி எடுத்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது. நான் அரக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு நின்று பார்த்தேன். சேலையைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. கீழே இறங்கி அதை அவிழ்த்தபோதுதான், கடையில் மடிப்பைக்கூடப் பிரிக்க அம்மா விடாதது நினைவுக்கு வந்தது.

இறங்கி வந்தால் பாதையில் மண்சரிவு. எங்களுக்கு மண்சரிவு புதிதா? கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தயில் ஒரு தோட்டப் பிரிவே மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாகாணத்துக்காரி நான். பாதை திறக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கையில் இருந்த நாட்களில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி நாட்களுக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். கோத்தகிரி, அல்லது கங்கையில் படகு.

மண்சரிவால்தான் போக முடியவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். போக முடிந்திருக்கும். படகை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். "கூரியர்ல போட்டுடு, நாட்டுக்குள்ளதானே" என்றாள் தோழி. ரிஷிகேஷில் ஒரு கடைக்காரரிடம் சேலையைத் தேய்த்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, கோத்தகிரிக்கு அனுப்பினேன். பெரியம்மா மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, போன் போட்டேன்.

"நான் வந்து கையில குடுத்ததா எங்கம்மாகிட்ட சொல்லிருங்கண்ணே."

கூரியர் என்றைக்கு வந்து சேரும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி தங்கச்சி. வெசனப்படாத. இம்புட்டு தூரம் வந்துட்டு நீயும்தான் என்ன செய்வ" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பகல் முழுக்க கங்கையில் துடுப்புப் போட்டேன். அலை தூக்கி அடித்தபோது எல்லாரோடும் சேர்ந்து கூச்சல் போட்டேன். உள்ளங்கை கொப்பளித்து உரிந்தது. உண்மையில் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினேன். "ஊருல பனி ஏதுடி?" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். சேலை கொடுத்தாயா என்று அவள் கேட்கவே இல்லை. அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "அக்கா எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "நல்லா இருக்காங்கம்மா" என்றேன்.

அந்த மாதமே பெரியம்மா போய்விட்டார். அண்ணன் போனில் காட்டினார். இந்த முறை நெற்றி மட்டுமில்லை, முழுதாகத் தெரிந்தார். அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா மேல் அரக்குச் சேலையை விரித்திருந்தார்கள். "பொறந்த வீட்டுக் கோடி, சித்தி, பாத்துக்கங்க" என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். அங்கே நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார். அது கோடி இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எந்த மழையில் நனைந்தது, யார் கழுத்தில் கிடந்தது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா அழுது முடித்துவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது போய்ப் பாத்தியே. இந்தக் கையாவது அவளத் தொட்டுச்சே."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். துடுப்பு உரித்த இடம் காய்ந்து தடித்திருந்தது. அதன் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"அவ கை மாதிரியே சொரசொரன்னு இருக்குடி" என்று சொல்லி, என் கையைத் தன் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுக்கவில்லை.