கார்டியோமயோபதிக்கு ஏழு தட்டு

திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. பக்கத்து சீட்டில் இருந்த தோழி, புதுப்பட்டினத்துக்காரி, புத்தகத்தை என் மடியில் போட்டாள். "இன்னாடி இது, வாயிலயே நுழையாம கீது!"

செங்கல்பட்டில் இருவரும் இதய டெக்னீஷியன் டிப்ளமோ படிக்கிறோம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பென்சிலைப் பிடுங்கி, அவள் காட்டிய நோயின் பெயரைத் தமிழில் எழுதினேன், கோடு போட்டேன்: கார்/டி/யோ/ம/யோ/ப/தி. ஒவ்வொரு துண்டுக்கும் முன்சீட்டுக் கம்பியில் ஒரு தட்டு. மூன்றாவது தடவை அவள் தடுமாறாமல் சொல்லிவிட்டாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "இன்னா பாப்பா, பஜனையா?" என்றார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் நோட்டு முழுக்கக் கோடுகள். அவள் வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை நிறுத்தி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவு. "நான் பாத்துக்கறேன்டி" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

தேர்வறைக்கு இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். நான் அவளுக்கு அடுத்து நின்றேன். "மயோகார்டைட்டிஸ்னா என்னம்மா?" என்றார் தேர்வாளர். எங்கள் நோட்டில் இல்லாத சொல். அவள் விரல்கள் தொடையில் தட்டின. சொல்லைத் துண்டு துண்டாக, அழகாகத் திருப்பிச் சொன்னாள்.

"சொல்ல வருது. இதுல இதயம் எங்க இருக்கு?"

அவள் மறுபடியும் முதல் துண்டிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். 'கார்டி' என்றால் இதயம், 'மயோ' என்றால் தசை. எனக்குத் தெரியும்; அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நாக்குக்கு வசதியாக அன்று பஸ்ஸில் நான் போட்ட கோடு 'கார்டி'யின் நடுவிலேயே போயிருந்தது.

நான் பாஸ். அவள் இல்லை. வராண்டாவில், "நல்லா தட்டக் கத்துக்குடுத்தடி" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் ஏறவில்லை. போனையும் எடுப்பதில்லை. அந்த நோட்டைப் பரணில் போட்டுவிட்டேன்.

மறுதேர்வு விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் போட மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் பழைய காலண்டர் அட்டையைச் சீட்டுகளாக நறுக்கியிருக்கிறேன்: கார்டி, மயோ, பதி, ஐட்டிஸ்... பின்பக்கம் தமிழில் பொருள். நாளை விண்ணப்பத்தோடு அவள் வீட்டுக்குப் போகப்போகிறேன். உள்ளே விட்டால், சீட்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சேர்ப்பதோ பிரிப்பதோ, அவளே செய்யட்டும்.