மேலே போய்வந்தவர் சொன்னது

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்த சமயம் அது. காலுக்கு அசைவு திரும்பிவிட்டது. வலது கைக்கும் ஓரளவு பிடிமானம் வந்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. வாயில் மிஞ்சியிருந்தது ‘சரி’ என்ற ஒரே சொல். பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். வேலை முடிந்து வந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டே அடுப்படி வாசலில் நின்று அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், படம் போட்ட அட்டைகளைக் கொடுத்திருந்தாள். ஆடு, குடை, செம்பு. காலையில் காப்பி குடித்ததும் நான் அட்டையைக் காட்டுவேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சில நாட்கள் ‘குடை’ வரும். மறுநாள் ஆட்டைக் காட்டினாலும் ‘குடை’ என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். கண் கலங்கிவிடும்.

“வீட்டுக்குள்ளயே வச்சிருக்காதீங்கம்மா, வெளிய கூட்டிட்டுப் போங்க” என்று அந்தப் பெண் சொன்னதால்தான், ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆட்டோ பிடித்து, துறைமுகத்துப் பக்கமிருக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். அடியில் சின்னதாக ஒரு கடல்சார் அருங்காட்சியகமும் உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டும், அதுவரை நான் அங்கே போனதில்லை. ராத்திரியில் வெளிச்சம் சுற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

முதலில் அருங்காட்சியகம். முத்துக் குளிக்கிறவர்கள் அடியாழத்துக்கு இறங்கக் காலில் கட்டிக்கொண்ட கல், சிப்பி அள்ளிப் போட்ட வலைப்பை, பச்சை பிடித்த ஒரு திசைகாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பாய் விரித்த தோணி. நான் ஒவ்வொன்றாகக் காட்டி, “இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்” என்றேன். அட்டைப் பழக்கம். அவர் “சரி, சரி” என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். தோணியின் முன்னால் மட்டும் கண்ணாடியில் இடது கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. நானே “தோணி” என்று சொல்லிவிட்டேன். கையை எடுத்துவிட்டார்.

அடுத்தது கலங்கரை விளக்கம். உள்ளே சுருள் படி. அண்ணாந்து பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது. முழங்கால் வேறு தேய்ந்து போயிருந்தது. ‘போயிரலாம்’ என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை உதறிவிட்டு முதல் படியில் காலை வைத்துவிட்டார். வருஷக்கணக்காகக் கிரேன் ஏணியில் ஏறிய கால் அது. மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். ஆனால் தனியாக எப்படி விடுவது? ஏதாவது ஆனால் கூப்பிடக்கூட வாயில்லையே.

பின்னால் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். சாத்தான்குளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த மனிதர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஏறலியாம்மா?”

“என்னால முடியாது. இவுக ஏறணுங்காக. ஆனா ஒடம்பு சரியில்லாதவுக, பேச்சு வராது...”

“அதுக்கென்ன, நான் கூடப் போறேன். எங்க வீட்டுக்காரியும் ஏற மாட்டேங்கா. நீங்க ரெண்டு பேரும் இங்கன இருங்க.” சொல்லிவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். “வாங்க அண்ணாச்சி. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன். எனக்குத்தான் மூச்சு வாங்கும், மெதுவா போவோம்.”

அவருக்கு ஒன்றும் மூச்சு வாங்காது. ஒல்லியான, திடமான ஆள். என் கணவர் மெதுவாக ஏறுவதைத் தன் பொருட்டு ஏறுவதாக ஆக்கிவிட்டார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இரண்டு பேரும் சுழன்று மறைந்தார்கள். செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

வெளியே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா பையிலிருந்து முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

“சாப்பிடுங்கக்கா. எங்க வீட்டுக்காரர் அண்ணாச்சிய விட்டுட்டு வரமாட்டாரு. கடைல மூட்டை எறக்கும்போதே பத்துத் தடவ பாத்துப் பாத்துன்னு சொல்லுத ஆளு.”

சிரித்துவிட்டேன். முறுக்கைக் கடித்தேன். என் கணவருக்கு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. தன் கால் வலியைப் பற்றியும், ஊரில் மழை ஏமாற்றியதைப் பற்றியும் பேசினாள். நோயைத் தவிர வேறு எதையாவது நான் யாரிடமாவது பேசியே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அவர்கள் இறங்கி வந்தபோது என் கணவரின் முடி காற்றில் கலைந்து நின்றது. சட்டைப் பட்டன் ஒன்று திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார். வழக்கமாக ஒரு நாளில் எங்கே என்ன நடந்தாலும் நான் பக்கத்திலேயே இருப்பேன். எனக்குத் தெரியாதது எதுவும் அவரிடம் இல்லை. இப்போது இருந்தது.

யோசிக்காமல் கேட்டேன்: “மேல என்னங்க தெரிஞ்சுது?”

பயிற்சிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

வாயைத் திறந்தார். மூடினார். இடது கையால் மேற்கே காட்டினார். “உ... உப்பு.”

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

“உப்பு. வெள்ள... வெள்ளையா.” உப்பளம் எவ்வளவு பெரிது என்று கையை அகல விரித்தார். பிறகு துறைமுகத்துப் பக்கம் திரும்பினார். “குடை” என்றார். இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். மறுபடியும் “குடை.” நெற்றியில் தட்டிக்கொண்டார். கையை மேலே தூக்கி, எதையோ கொக்கியில் மாட்டி இறக்குவது போலக் காட்டினார். என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாவும் “கிரே...” என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையை அமுக்கினேன். நிறுத்திக்கொண்டாள். நாலு பேரும் அப்படியே நின்றோம்.

“கி... கிரேன்.”

“ஆமா அண்ணாச்சி! அதத்தானே மேல வச்சு எனக்குக் காட்டினிய!” என்றார் கடைக்காரர்.

“கிரேன். கப்பல் நிக்கி. காத்து...” சட்டையைப் பிடித்துப் படபடவென்று ஆட்டிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சொற்களுக்கு எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“நீ... வந்திருக்கணும்.”

ஏழெட்டு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்த அம்மா என் முதுகைத் தடவினாள். கடைக்காரர் கொஞ்சம் தள்ளிப் போய், கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

மேலே என் கணவரிடம் என்ன பேசினார் என்று பிறகு கடைக்காரரைக் கேட்டேன். “பெருசா ஒண்ணுமில்லம்மா. எனக்கு இந்த ஊரு புதுசு. அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அண்ணாச்சி கையக் கையக் காட்டினாக” என்றார்.

அவ்வளவுதான். சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். நன்றி என்று நான் சரியாகச் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர்களை நினைக்காமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடித்து வந்ததில்லை.

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து மகள் போன் செய்தபோது, அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். “உப்பு” என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவள் ஒன்றும் புரியாமல் “அப்பா, அப்பா” என்று அழுதுகொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்போ இனிமே கூடவே போகாதீங்கம்மா” என்று சிரித்தாள். அட்டைகளைக் கட்டிவைத்துவிட்டோம். மெல்ல மெல்ல அவரைத் தனியாக அனுப்பத் தொடங்கினேன். முதலில் தெருமுனை வரை, பிறகு கோயில் வரை, பிறகு கடற்கரை வரை. முதல் நாட்களில் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன். வந்ததும் கேட்பேன். எனக்குத் தெரியாத ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் இன்னும் எல்லாம் ‘குடை’ ஆகிவிடும். எண்கள் தகராறுதான்.

நேற்று மீன் வாங்கப் போனவர் வெறும் பையோடு வந்தார். சந்தையில் இரண்டு பெண்களுக்குள் சண்டையாம். யார் கூடையை யார் இடித்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அடுப்படி வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே சொல்லைத் தேடி நின்றார். நான் அவசரப்படவில்லை. கதை முடிவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. குழம்பும் இல்லாமல், மோரை ஊற்றி அதையே இருவரும் சாப்பிட்டோம்.