திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் தாய் தந்த கூட்டாளி

மாரியம்மனை நம்பி வாழும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பெயர் பேச்சியம்மாள். சாத்தூர் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். அச்சடித்த அட்டையை வெட்டி, ஒட்டி, பட்டாசுப் பெட்டியாக்கிக் கொடுப்போம். கணவர் இறந்த பிறகு நானும் ஆறு பெண்களும்தான் அதை நடத்தி வந்தோம்.

2006 சித்திரையில் தலையில் இடி விழுந்தது. அச்சும் பெட்டியும் ஒரே இடத்தில் செய்பவர்களுக்குத்தான் இனி ஆர்டர் என்று பட்டாசுக் கம்பெனி சொல்லிவிட்டது. என்னிடம் அச்சு மிஷின் இல்லை. பட்டறை ஓய்ந்துபோனது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி மாரித்தாய். முன்பு வேலை பார்த்த பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் அவள் கை வெந்திருந்தது.

“யக்கா, மறுபடி வெடிமருந்து வேலைக்குத்தான் போகணுமா?” என்று கேட்டாள்.

மாரியம்மன் கோயிலுக்குப் போய் அழுதேன். “தாயே, இன்னொரு தொழில்காரரைக் கூட்டுக்குக் கூப்பிட எனக்குத் தைரியம் குடு.”

வெள்ளிக்கிழமை திருத்தங்கலுக்குப் போனேன். அங்கே ஓர் அச்சக முதலாளியை ஓரளவு தெரியும்.

“அண்ணாச்சி, உங்க அச்சும் எங்க பெட்டியும் சேந்தா பெரிய ஆர்டரே எடுக்கலாம். லாபத்துல ஆளுக்குப் பாதி. கூட்டாச் செய்வோமா?”

அவர் யோசித்தார். “நல்ல யோசனைதான். வெட்டுற மிஷினை இங்கன கொண்டாந்து போடும்மா. பொம்பளையாளுக வேண்டாம். ஒட்டுறதை நம்ம பயலுகளே பாத்துக்கிடுவாங்க.”

மாரித்தாய் கேட்டது காதில் ஒலித்தது. “அவுக இல்லாம நான் வரலை அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்று தேம்பினேன். “வந்த வழியை நானே அடைச்சுட்டேனா தாயே?”

பஸ்ஸும் வந்தது. ஏறப் போகும்போது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. அண்ணாச்சி!

“நில்லும்மா! சாப்பாடு கொண்டு வந்த என் வீட்டுக்காரி நாம பேசுனது எல்லாத்தையும் கேட்டுட்டு என்னை ஏசிப்புட்டா. ‘பயலுக ஒட்டுன பெட்டியெல்லாம் போன சீசன்ல பிரிஞ்சு, லோடே திரும்பி வந்துச்சே, மறந்துட்டீகளா’ங்கா. நீ எல்லாரையும் கூட்டிட்டு வா. பின்னால இருக்க கொட்டகையை ஒழிச்சுத் தாரேன்.”

அந்த நேரத்தில் அந்த அம்மாவை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு அதே பட்டாசுக் கம்பெனியின் பெட்டிகள் எங்கள் கூட்டுத் தொழிலில்தான் உருவாயின. ஆறு பெண்களும் என்னோடுதான் இருந்தார்கள். ஒட்டும் வேலை முழுவதையும் இன்று மாரித்தாய்தான் பார்த்துக்கொள்கிறாள். முன்பு புது ஆளிடம் பேசவே பயப்படுவேன். இப்போது அம்மனைக் கும்பிட்டுவிட்டு எவர் வாசல் படியையும் ஏறுகிறேன்.

தொழிலுக்குத் துணை தேடி நிற்கிறீர்களா? வெட்கப்படாதீர்கள். அவளை நினைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். உங்களை நம்பி இருப்பவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.