இன்னொருவர் பெயரில் ஒரு கடை

மலேசியாவில், கோல சிலாங்கூரில் தேநீர் கொண்டுவருபவனைத்தான் 'பாஸ்' என்று அழைக்கிறார்கள். போலீஸ்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், மீன் லோரி ஓட்டுபவரும் அப்படித்தான். வந்த புதிதில், என்னை அப்படிக் கூப்பிட்டால், எனக்குப் பின்னால் முதலாளி நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊரில் முதலாளி என்றால் யார் என்று தெருவுக்கே தெரியும். இங்கே அந்தச் சொல் எல்லோருக்கும் கிடைக்கிறது. கடைதான் கிடைப்பதில்லை.

ஊரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். எங்கள் பதிப்பு மூடப்பட்டதும் மனைவியின் நகைகளை விற்று, இங்கேயே பிறந்து வளர்ந்த என் பெரியவாப்பா மகன், அண்ணன் முறையான ஜமால் நானாவோடு சேர்ந்து இந்த உணவகத்தைத் தொடங்கினேன். முதல் என்னுடையது. நான் வெளிநாட்டுக்காரன் என்பதால் லைசென்ஸ் அவர் பெயரில். என் வேலை பெர்மிட்டில் நான் சமையல்காரன். எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும். முதல் வருடம் மாவு மூட்டைகளின் மேல் படுத்தேன். வாடிக்கையாளர் வாயால் சொல்லாததைத் திரும்பி வரும் தட்டு சொல்லும் என்று புரிந்து, கழுவுமிடத்தில் நின்று மிச்சங்களைப் பார்த்தேன். மீன் குழம்பில் புளியைக் குறைத்தேன். கூட்டம் வந்தது. பக்கத்து ஊரான ஜெராமில் இரண்டாவது கடை போடும்போது பாதிப் பங்கை எனக்கு எழுதித் தருவதாக நானா சொன்னார். அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

புக்கிட் செந்தோசா குடியிருப்பில் இளைஞர்களுக்கு ஒரு கூட்டம்: தொழிலில் வெல்வது எப்படி. நானாவைப் பேச அழைத்திருந்தார்கள். "தம்பி, நீங்க பேப்பர்ல இருந்தவங்க. நல்லா நாலு பக்கம் எழுதிக் குடுங்க லா. ஜெராம் கடையப் பத்தி மேடையிலயே சொல்லிடுறேன்," என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் 'என் தம்பி' என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் மேடையில் அவர் 'நான்' என்று வாசித்தார். எங்கும் தடுமாறவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபின் தோட்டங்களிலிருந்து குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் மண்டபத்தில் அதிகம். தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அங்கிள், மாவு மூட்டையில படுத்தேன்னு சொன்னீங்களே, எலி இல்லையா?" என்று கேட்டாள். நானா தாளைப் புரட்டினார். அதில் எலி இல்லை. முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"தம்பி, எலி இருந்துச்சா?"

"இருந்துச்சு நானா."

"மொதலாளி தூங்கிட்டாரு, அண்ணன்தான் எலி வெரட்டிருக்காரு லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. என்னைப் பழைய வேலையாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு நானா, சொன்னபடியே, ஜெராம் கடையை அறிவித்தார். தன் மருமகனை மேடைக்கு அழைத்து, இவர்தான் உரிமையாளர் என்று கைதட்டச் சொன்னார்.

திரும்பும்போது காரில், "கோவமா தம்பி?" என்றார்.

"பாதி எழுதித் தர்றேன்னு சொன்னீங்க."

"மருமவன் சும்மா ஒக்காந்திருக்கான், மக மூஞ்சியப் பாக்க முடியல. நீங்கதான் அவனுக்குத் தொழில் கத்துக் குடுக்கணும்." நெடுஞ்சாலைக்குள் வண்டியைத் திருப்பினார். "ஒங்க பெர்மிட் அடுத்த மாசம் முடியுது. நான்தான கையெழுத்துப் போடணும்? ஞாபகப்படுத்துங்க."

மிரட்டும் குரல் இல்லை. காருக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்பதைப் போலத்தான் சொன்னார். சரி என்றேன்.

ஊரிலிருந்து கடை போட வர நினைக்கும் தம்பிகளுக்கு, அந்த உரையில் நான் எழுதாத பாடம் இதுதான்: உழைப்பு, தட்டு, புளி எல்லாம் பிறகு. யார் பெயரில் கடை என்பதை முதலில் பாருங்கள். இன்னொருவர் பெயரில் உள்ள கடை, நன்றாக ஓடாதவரைதான் உங்களுடையது.

இப்போது ஜெராமில் மருமகனுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. "புதுக் கடை கல்லாவுல ஒக்காந்து ஒரு போட்டோ அனுப்புங்க, உம்மா பாக்கணுமாம்," என்றாள். மருமகன் வங்கிக்குப் போன நேரத்தில் உட்கார்ந்தேன். ரொட்டி போடும் வங்காளதேசத்துக்காரர் மலாய் மொழியில் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அனுப்பினேன். என் உம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. இங்கே மருமகனின் கார் வந்து நின்றதும் எழுந்துவிட்டேன். அங்கே, எங்கள் கூடத்துச் சுவரில், இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.