மாமாவுக்குத் தெரிந்த பாட்டு

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஜோகுபாளையத்து வீட்டின் முன்னறையில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் என் காதுக்குள் மட்டும்தான் முழங்கிக்கொண்டிருந்தன. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமனாரின் வலது கை கண்ணில் பட்டது. கைப்பிடியில் விரல்கள் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. சும்மா தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டில் ஓரிடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கிளம்பும். அந்த இடம் வந்ததும் நான் நின்றேன். அவர் விரல்களும் நின்றன. நான் காலைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பே, பாட்டு கிளம்ப வேண்டிய அதே நொடியில், விரல்கள் தட்டத் தொடங்கிவிட்டன. எனக்குக் கால் பின்னிக்கொண்டது. என் காதுக்குள் இருந்த பாட்டு அவருக்கு எப்படிக் கேட்டது?

மாமாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதிகம் பேசமாட்டார், யாரையும் குறை சொல்லவும் மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பத்தொரு வயதில் பாலே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சிரித்தார். மாமா மட்டும், "போயிட்டு வாம்மா, முட்டிக்கு நல்லது" என்றார். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மாதா கோவில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. வகுப்பில் எல்லோரும் என்னைப்போல வேலைக்குப் போகிறவர்கள். இரண்டாம் வருடம் எங்கள் நடன ஆசிரியை ஒரு அரைமணி நேர பாலே அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெரிய பேண்டுகள் வாசித்த ஸ்விங் இசைதான் முழுக்க. போருக்குக் கிளம்பும் சிப்பாய்களும் அவர்களுடைய பெண்களும் ஆடும் கடைசி மாலைப்பொழுதுதான் கதை. எல்லோரும் குதித்துச் சுழன்று ஆடுவார்கள். நடுவில் ஒரு சிப்பாய் மட்டும் ஆடாமல் நின்றுவிடுவான். ஒரு பெண் போய் அவனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அசைவாள். அந்தப் பெண் நான்.

முதல் நாள் வீட்டில் ஃபோனில் பாட்டைப் போட்டு ஆடிப் பார்த்தபோதே மாமா உள்ளறையிலிருந்து வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதை நிறுத்தும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. உடனே நிறுத்தினேன். அன்று முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வகுப்புக்குப் போகச் சொன்னவருக்கு ஆடுவது பிடிக்கவில்லையா? இன்னொருவனைப் பிடித்துக்கொண்டு ஆடப்போகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டார்களா? கணவரிடம் கேட்டேன். அப்பாவுக்கு வயசாகுது, சத்தம் பிடிக்கலை, விடு என்றுவிட்டு அவர் பீன்யாவில் வேலைக்கு வண்டி பிடிக்க ஓடினார். அதற்குப் பிறகுதான் இயர்போன்.

அவர் விரல்கள் தட்டியதைப் பார்த்த அன்று இயர்போனைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த வேஷம் எனக்கு வேண்டாம், டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போர் நடந்தபோது அவருக்கு ஏழு வயது. அவருடைய அம்மா அல்சூர் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் ஆயா வேலை பார்த்தார். மகனையும் கூடவே கூட்டிப்போவார். ஊரெல்லாம் சிப்பாய்கள். அந்த வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. இந்தப் பாட்டு அதில் எத்தனையோ முறை ஓடியது. ஒரு மத்தியானம் அதிகாரியின் மனைவி, துரைசானி, வெளியே போயிருந்தார். கொய்யா மரத்திலிருந்து இறங்கி வந்த சிறுவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு இளம் சிப்பாயும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று சாப்பிடும்போது, கதை சொல்கிற மாதிரி அப்பாவிடம் அதைச் சொன்னான். அப்பா எதுவும் கேட்கவில்லை, சாப்பிட்டுக் கை கழுவினார். அந்த வாரமே தங்கவயலிலிருந்து தாய்மாமா வந்து அம்மாவைக் கூட்டிப்போனார். அம்மா திரும்பி வரவேயில்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"அம்மா டான்ஸ் ஆடிச்சுன்னு சொன்னேம்மா. அந்த ஒரு வார்த்தைதான்" என்றார். "அந்த ஆளு அழுதுட்டு இருந்தானோ என்னவோ. அம்மா சும்மா பிடிச்சிட்டு நின்னாங்களோ என்னவோ. எத்தனை தரம் யோசிச்சாலும் தெரியல. பாட்டு மட்டும்தான் நல்லா ஞாபகம் இருக்கு."

இதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம். என்னிடம் ஏன் சொன்னார்? நீங்கள் குழந்தைதானே மாமா என்று சொல்ல வாய்வரை வந்தது. அதை அவர் தனக்குத்தானே எத்தனை ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருப்பார் என்று தோன்றி நிறுத்திக்கொண்டேன். வேஷத்தை விட்டுவிடுகிறேன் என்று மறுபடி சொன்னேன். "விடாதே. நீ ஆடு. நான் பாக்கணும்" என்றார்.

அதன்பின் ஒத்திகைகளில் நான் சொதப்பினேன். சிப்பாயைப் பிடிக்கும் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் யாராக நிற்கிறேன் என்று குழம்பியது. காதலியா, வேற்று வீட்டில் வேலை பார்க்கும் ஒரு தாயா, ஜன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்பது அவளுக்குத் தெரியுமா? ஆசிரியை பொறுமையாகச் சொன்னார்: "அவன் அழறானா ஆடுறானான்னு பாக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாது. உனக்கும் தெரிய வேண்டாம், பிடிச்சிட்டு நில்லு, போதும்." மாமாவின் கதை அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு மாலை பாலே அரங்கேறியது. முன்வரிசையில் என் கணவரும் மாமாவும் இருப்பது தெரியும். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு யாரும் தெரியவில்லை. வாத்தியங்கள் நின்றன. நான் போய் அந்தச் சிப்பாயைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கன்னடக்காரர் அவர். என் காதோரம், "ஒந்து, எரடு, மூரு" என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு எண்ணிக்கை மறந்துபோயிற்று. அவர் எண்ணியதைப் பிடித்துக்கொண்டுதான் அசைந்தேன்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் மாமா கேட்டார்: "அந்தத் தம்பி அழுதுச்சா?"

"இல்ல மாமா, தாளத்தை எண்ணிட்டு இருந்தார்" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா தோள் குலுங்கச் சிரித்தார். "எண்ணிட்டு இருந்தானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். அது சிரிப்பு மட்டும்தானா என்று எனக்கும் நிச்சயமில்லை.

நவம்பர் வந்தது. வருடாவருடம் இறந்தோர் பூசைக்கு மாமா பெயர்கள் சொல்ல, நான் சீட்டில் எழுதிக் கோவில் அலுவலகத்தில் கொடுப்பேன். அவருடைய அப்பா, தம்பி, என் அத்தை என்று வழக்கமான மூன்று பெயர்கள். அந்த வருடம் மூன்றுக்குப் பிறகு நான்காவதாக ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்டிராத பெயர். எழுதப்போனேன். "இதுல வேணாம்" என்றார். "செத்துட்டாங்கன்னு யாரும் என்கிட்ட சொல்லல. நன்றி சொல்ற சீட்டுல போடு."

அலுவலகத்தில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, இவங்க யாரு, பிறந்தநாளா, உடம்பு தேறிட்டாங்களா, எதுக்கு நன்றி என்று கேட்டார். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. பெயர் மட்டும் போதும் என்றேன்.

அந்த ஞாயிறு பூசையில், பரீட்சையில் பாஸானவர்களுக்கும் வீடு கட்டி முடித்தவர்களுக்கும் நடுவில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது. அடுத்த வருடம் மாமாவும் போய்விட்டார். ஆனால் அன்று என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைத் தொட்டு, "மைக்குல சரியா கேக்கல. நீ ஒரு தரம் சொல்லு" என்றார்.

குனிந்து அவர் காதில் அவருடைய அம்மாவின் பெயரைச் சொன்னேன்.