இறங்கு கோடும் ரப்பர் மாமாவும்

எனக்கு ரத்தப் புற்றுநோய். பயப்பட வேண்டாம், தினமும் ஒரு மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிற வகை. அடங்கித்தான் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக நாகர்கோவிலில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்புவார்கள். என்னைவிட என் ரத்தம் அதிகம் ஊர் பார்த்திருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் பழைய சோதனை முடிவுகளையெல்லாம் கோத்து ஒரு வரைபடம் போடும். அதை வைத்துக்கொண்டு டாக்டரம்மா வீடியோவில் பேசுவார்.

இந்த முறை கொஞ்சம் கலக்கம். மாத்திரை கேட்கவில்லையென்றால் வேறு மருந்து, அதுவும் கேட்கவில்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று என்று போன தடவையே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கே ஒரு வேன் நிறையப் போவோம். வீட்டிலிருந்தபடி, யாருமில்லாமல் டாக்டரைப் பார்ப்பது என் மனைவிக்கு ஏதோ அநாதைத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி அனுப்பிய லிங்க்கைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். போனைத் திறந்தால் கட்டம் கட்டமாகச் சொந்தக்காரர்கள். கத்தாரிலிருந்து மைத்துனன், தலையில் வேலைத் தொப்பியோடு. சித்தியின் நெற்றி மட்டும். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் தாய்மாமா, கடையில் ஷீட் கட்டுகளுக்கு நடுவே.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் டாக்டர்.

"துணைக்கு வந்தவங்க" என்றேன்.

"உங்களுக்குச் சம்மதம்னா இருக்கட்டும்" என்று வரைபடத்தைத் திரையில் போட்டார். அந்த நேரம் பார்த்து அவர் குரல் போயிற்று. கோடு மட்டும் நின்றது. இடது மூலையில் உச்சியில் தொடங்கி, சரிந்து சரிந்து, தரையைத் தொடாத குறையாகக் கிடந்தது.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "விழுந்து போச்சே மக்களே."

"மாமா, சும்ம இரும். நெட்டு போச்சு, அவ்வளவுதான்" என்றான் மைத்துனன்.

"எனக்குக் கோடு பாக்கத் தெரியாதாலே? ரப்பர் வெலைக் கோட்டப் பாத்துப் பாத்துத்தானே இந்தத் தலை நரச்சுது. இப்பிடி விழுந்தது ஏறினதா சரித்திரம் உண்டா?"

சித்தியின் நெற்றி விம்மத் தொடங்கியது. இந்த நோயைப் பற்றி வாசிக்காததே இல்லை என்று பீற்றிக்கொள்பவன் நான். ஆனால் மாமா சொன்ன தோரணையில் எனக்கும் அது விழுந்ததாகவே பட்டது. மனைவி என் சட்டையை முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கேக்குதா?" டாக்டரின் குரல் திரும்பியது. "நோய்ச் செல்லோட அளவு ரொம்ப நல்லா இறங்கியிருக்கு. இதே மாத்திரை போதும்."

சட்டை தளர்ந்தது.

மாமாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "அப்போ, இது இறங்கத்தான் செய்யணுமா?"

"ஆமாங்கய்யா."

"இன்னும் இறங்குமா?"

"இறங்கணும்னுதான் மருந்தே."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, கடை அதிர, "இறங்கட்டும் டாக்டரே, நல்லா இறங்கட்டும். அடியோட இறங்கட்டும்" என்றார்.

அவருக்குப் பின்னால், ஷீட் விற்க வந்து காத்திருந்த ஒருவர், தன் கட்டை மறுபடி தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே நடப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.