ஆரணியில் ஒரு ரங்கூன்: ஓடியவர்களும் இருந்தவர்களும்

1978 மாசி மாதத்தில், பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருவது என்ற முடிவை எங்கள் குடும்பம் எடுத்தது. அது எளிதில் வந்த முடிவல்ல. பெரியப்பா தலைமையில் கூடி, எதிர்க்கருத்துகளைப் பொறுமையாகக் கேட்டு நிராகரித்து, அம்மா நடுநிலை வகிக்க நிறைவேறிய தீர்மானம் அது. செஞ்சியிலிருந்து ஆரணிக்கு வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம் விழும். மாலையில் திரும்பும்போதும் வலப்பக்கமேதான். இந்தத் தடத்தில் இன்றுவரை நான் இடம் மாறியதில்லை. நீங்களும் மாறாதீர்கள்.

ஆரணிக்குப் பட்டு எடுக்கப் போகிறோம், விவரம் சொல்லுங்கள் என்று இந்த வலைப்பூவுக்குப் பலர் எழுதுகிறீர்கள். என் முதல் ஆரணிப் பயணம் பட்டுக்காக அல்ல. தம்பி சங்கருக்குப் பெண் பார்க்க. அப்பா இறந்த பிறகு எங்களை வளர்த்தவர் பெரியப்பா தெய்வசிகாமணி. அவர் சரி என்றால் கல்யாணம். இல்லை என்றால் அடுத்த ஊர். தம்பிக்கு அடுத்த ஊர் வேண்டாம். வேலூரில் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதப் போனபோதே பெண்ணைப் பார்த்திருந்தான். இருவரும் பரீட்சையைத் தவிர வேறு விஷயங்களும் பேசியிருந்தார்கள். இது பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாத ராணுவ ரகசியம்.

காலை ஏழு மணி பஸ். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். வழியில் சேத்துப்பட்டில் பஸ் நின்றது, டிரைவர் டீ குடித்தார், பிறகு டீயைப் பற்றிக் கடைக்காரருடன் விவாதித்தார். கண்டக்டர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொண்ணு பாக்கவா?”

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“பட்டு எடுக்க வர்றவங்க வெறுங்கையோட வருவாங்க சார். பழம் வெச்சிகினு வந்தா பொண்ணு.”

ஒன்பதே காலுக்கு ஆரணி. காலையில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தெருவின் நீளத்துக்கும் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஓரமாகப் போகவும். ஓர் இழை அறுந்தால் தெரு முழுவதும் உங்கள் பரம்பரையைப் பற்றிப் பேசும்.

பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கை முழங்கை வரை அரக்கு நிறம். பர்மாவில் பிறந்து, அறுபத்து நாலில் பர்மா அரசாங்கம் இந்தியர்களை வெளியே அனுப்பியபோது கப்பலேறி வந்தவர். பெரியப்பாவும் ரங்கூனில் வளர்ந்தவர் என்று தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“எந்தப் பக்கம் சம்பந்தி?”

அதுவரை யாரும் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. “கெமண்டைன்” என்றார் பெரியப்பா.

“அட! நாங்க ரெண்டு தெரு தள்ளி!”

கால் மணி நேரம் இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். டிராம், நப்பி என்ற மீன் விழுதின் நாற்றம், அந்த நாற்றம் இல்லாமல் சோறு இறங்காது என்பது. பிறகு ராஜமாணிக்கம் கேட்டார்: “எந்தக் கப்பல்ல வந்தீங்க?”

“கப்பல் இல்ல. நாப்பத்திரெண்டுல நடந்தே வந்தோம்.”

“அடடே, ஓடனவங்களா!”

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அங்கிருந்த தமிழர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மலையேறி இந்தியாவுக்கு நடந்தவர்கள் ஒரு பக்கம், அங்கேயே இருந்தவர்கள் ஒரு பக்கம். படையெடுத்து வந்தவனைப் பற்றி இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவனைப் பற்றிப் பேசமாட்டார்கள். தாங்கள் செய்தது சரி என்று சொல்ல அவனைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஓடியவர்களுக்கு ஜப்பான்காரன் ராட்சசன். இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார்.

“இன்னா பெரிசா பண்ணிட்டான்?” என்றார் ராஜமாணிக்கம். “சென்ட்ரிய பாத்தா குனியணும். குனியலன்னா ஒரு அறை. அவ்ளோதான். ஜல்தியா மூட்டை கட்டிகினு ஓடனவங்கதான் வழியில செத்தாங்க. இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆவல.”

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

தாத்தா தயங்கியபோது, நடந்தே போய்விடலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் பெரியப்பா. மலைப்பாதையில் காலரா கண்டு, ஒன்பது வயதில் எங்கள் வள்ளி அத்தை போனாள். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணத்துக்கு முன்னாலும் அவளுக்குத்தான் பூவாடைக்காரி படையல், இறந்துபோன வீட்டுப் பெண்ணுக்குத் துணி வைத்துக் கும்பிடுவது. ஒன்பது வயதுக்கு அளவாக ஒரு பட்டுப் பாவாடை வைப்போம். அதை வாங்கும் வேலையைப் பெரியப்பா யாரிடமும் கொடுத்ததில்லை.

“சங்கரு, எழுந்திரு” என்றார்.

தம்பி எழவில்லை. வாழ்க்கையில் அவன் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்து ராஜமாணிக்கத்தின் மனைவி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

“இன்னாங்க, ஒண்ணும் ஆவலயா? உங்க அண்ணன சியாமுக்கு ரயில் ரோடு போட ஜப்பான்காரன் இட்டுகினு போனானே, அவரு எங்க?”

“அவன் கூலிக்குப் போனான். சியாம்லயே தங்கிட்டான்.”

“முப்பத்தாறு வருசமா ஒரு கடுதாசிகூட போடாம தங்கிகினு இருக்காரா? உசுரோட இருக்காருன்னு சொல்லிச் சொல்லி, ஒரு படையல் போட உட்டீங்களா நீங்க? ஊட்டுக்கு வந்த மனுசனப் பாத்து ஓடனவங்கன்றீங்க.”

ராஜமாணிக்கம் தன் அரக்குக் கைகளைப் பார்த்துக்கொண்டே, “அண்ணன் அன்னிக்கே கெளம்பலாம்னான். நான்தான் பேஜாரு வேணாம், இருக்கலாம்னேன்” என்றார்.

பெரியப்பா நின்றபடியே கேட்டார்: “அப்ப உனக்கு இன்னா வயசு?”

“பதினாறு.”

“எனக்குப் பத்தொம்போது.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “பொண்ணக் கூப்பிடுங்க. டைப்பு நல்லா அடிக்குமாமே? வேலூர்ல சொன்னாங்க.”

தம்பி தரையைப் பார்த்தான். ராணுவ ரகசியங்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் காக்கப்படுகின்றன.

இனி உங்களுக்குத் தேவையானவை. பட்டு வாங்கும்போது வெயிலில் கொண்டுவந்து பாருங்கள். டியூப் லைட்டில் அரக்கும் மெரூனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரயிலில் வருகிறவர்கள் ‘ஆரணி ரோடு’ என்ற பெயரை நம்ப வேண்டாம். அது களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து ஆரணிக்கு ரோடு உண்டு, அவ்வளவே. பர்மாவில் இருந்தவர் யாரையாவது சந்தித்தால் எப்போது வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். அவர்களே அதைத் தங்களிடம் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

பங்குனியில் நிச்சயம் ஆனது, வைகாசியில் கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பாவாடை வைத்துப் படைத்தோம். அன்றைக்கே ஆரணியில் ராஜமாணிக்கம் வீட்டில் ஒரு வேட்டியும் ஒரு துண்டும் வைத்துப் படைத்தார்கள்.